பேரன் சாப்பிடவில்லையே என்று கவலைப்படும் பாட்டி தாத்தாக்களுக்கு

அன்புள்ள அப்பத்தா, அம்மாச்சி, தாத்தாமார்களுக்கு,

குழந்தை வளர்ப்பு பற்றி அச்சடிக்கும் துண்டறிக்கை எதை எடுத்தாலும் ‘அன்பான தாய்மார்களே’ என்றுதான் ஆரம்பிக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்திலும் ஒரு இளம் அம்மாதான் கிண்ணமும் கையுமாக உட்கார்ந்திருப்பாள். நடப்பில் அந்த அம்மா விடிந்தும் விடியாமலும் மில் வேனில் ஏறிப் போய்விடுகிறாள். அவள் திரும்பி வரும்வரை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சோறு ஊட்டி, கால் கழுவிவிட்டு, தூங்க வைப்பது நீங்கள். அதனால் இந்த மடலை நேராக உங்களுக்கே எழுதுகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பேரன் பேத்தி எடுத்தவளும்கூட.

‘நாங்க வளர்க்காத பிள்ளையா? எங்களுக்கே பாடமா?’ என்று கேட்பீர்கள். கேட்கலாம், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நீங்கள் பிள்ளை வளர்த்தபோது வீட்டில் செல்போன் இல்லை. தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்கவில்லை. அன்று உங்களுக்கு இருபத்தைந்து வயது, ஓடிப் பிடிக்கக் காலில் தெம்பு இருந்தது. உங்கள் தலைமாட்டில் சுகர் மாத்திரையும் இல்லை. இன்று இவ்வளவும் வீட்டுக்குள் வந்துவிட்டன. இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அங்கன்வாடி மையத்து வாசலில் நான் அதிகம் கேட்ட புலம்பல் ஒன்றுதான்: ‘டீச்சர், சாப்பிடவே மாட்டேங்குறான்.’ ஒரு வயது தாண்டிய பிள்ளைகளைப் பற்றித்தான் இந்தப் புகார் வரும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் பிறந்தநாளுக்குள் ஒன்பது கிலோவை எட்டிவிடும். ஒரே வருடத்தில் ஆறு கிலோ. அடுத்த வருடம் முழுவதும் சேர்த்தே இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் நிதானமாகிறது. நோயுமில்லை, கண் திருஷ்டியுமில்லை. உடம்பு போடும் கணக்கு அது. ஒரு வயதிலிருந்து இரண்டு வயது வரை ஒரு வேளைக்கு முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம் போதும். அந்தக் கிண்ணம் 250 மில்லி பிடிப்பதாக இருக்கட்டும், நம் வீட்டுக் குழம்புக் கிண்ணம் அல்ல. அப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறுதீனி, தாய்ப்பால் இருந்தால் அதுவும். இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ‘இன்னுமா குடிக்கிறான்’ என்று மருமகளைக் கேலி செய்ய வேண்டாம்.

போதுமான அளவு சாப்பிடுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தராசு இருக்கிறது. 1980-ல் உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை சரியாக ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு, 90 நாளைக்கு. எடை ஏறத் தொடங்கினால் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதாந்தர எடைப் பழக்கம் இன்றும் மையங்களில் இருக்கிறது. பிள்ளையைத் தராசில் தூக்கி வைத்தால் கண் பட்டுவிடும் என்று முந்தானையால் மூடிக்கொண்டு போன பாட்டிகளை எனக்குத் தெரியும். திருஷ்டிப் பொட்டு தாராளமாக வையுங்கள். வைத்துவிட்டு எடையும் போடுங்கள். எடை குறிக்கும் அட்டையில் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால், ‘சாப்பிடவே மாட்டேங்குறான்’ என்ற பேச்சை அதோடு விட்டுவிடலாம். கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, அன்றைக்கே செவிலியரைப் பாருங்கள்.

இனி செல்போன். எந்தத் தெருவில் மதியம் நடந்தாலும் காணும் காட்சிதான். திண்ணையில் பிள்ளை உட்கார்ந்திருக்கும். எதிரே தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த போனில் பொம்மை ஆடும். பிள்ளையின் வாய் அரைகுறையாகத் திறந்திருக்கும். பாட்டியின் கை தட்டுக்கும் வாய்க்குமாகப் போய் வரும். உள்ளே போவது பருப்புச் சோறா, ரசச் சோறா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மெல்லாது, கன்னத்தில் ஒதுக்கும். விளம்பரம் வந்து பொம்மை நின்றால்தான் தலையைத் திருப்பும். கால் மணி நேரத்தில் கிண்ணம் காலி. பாட்டிக்கு நிம்மதி.

கிண்ணம் காலியானதில் பிள்ளைக்கு மூன்று நஷ்டம். வயிறு நிறைந்ததும் நிறுத்த வேண்டும் என்பது பிறவியிலேயே அதற்குத் தெரிந்த விஷயம், அது மறந்து போகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் நீங்கள் அதனோடு பேசியிருப்பீர்கள், அந்தப் பேச்சு போகிறது. மூன்றாவது நஷ்டம் ஆபத்தானது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துத் திடீரென்று சிரிக்கும் பிள்ளைக்குப் புரையேறும். மூச்சுக்குழாயில் போய் அடைக்கவும் செய்யும். சாப்பாடு, படிப்பு, பாதுகாப்பு என்று தனித்தனியாக வகுப்பு எடுக்கிறார்கள். மூன்றும் ஒன்றாகக் கெடுகிற இடத்தை நான் பார்த்தது இந்தச் சொம்புக்கு முன்னால்தான். இரண்டு வயது முடியும்வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. நம் ஊர் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் அதையேதான் சொல்கிறது.

‘போன் இல்லாவிட்டால் ஒரு வாய் இறங்காது’ என்பீர்கள். அதே பிள்ளை மையத்தில் சாப்பிடுகிறதே, எப்படி? இரண்டு வயது முடிந்து எங்களிடம் வரும் பிள்ளைக்கு நாங்கள் எந்த மந்திரமும் போடுவதில்லை. நேரத்துக்குச் சோறு. அதற்கு முன்னால் பிஸ்கட் கிடையாது. கை கழுவி, பாயில் வரிசையாக உட்கார்ந்து, தட்டில் போட்டதைத் தானே அள்ளிச் சாப்பிட வேண்டும். பாதி வாய்க்குள், பாதி மடியில். முட்டை நாளில் பக்கத்துப் பிள்ளை மஞ்சள் கருவைப் பிட்டு வாயில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூன்றாவது நாளோ பத்தாவது நாளோ தானும் ஒரு விள்ளல் எடுக்கும். போதும் என்று தட்டைத் தள்ளினால் நாங்கள் கெஞ்சுவதில்லை. உங்களில் பலர் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த சத்துணவில் தட்டேந்தி உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்தானே? யார் உங்களுக்கு ஊட்டிவிட்டார்கள்?

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் இதை ஒரு பாகப்பிரிவினையாகச் சொல்லியிருக்கிறார். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளை பாடு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கடையைக் காட்டி அழுது எது வேண்டும் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கிறது. எவ்வளவு என்பதை நாம் தீர்மானித்துத் திணிக்கிறோம். புதுக் காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள எட்டுப் பத்து முறையாவது அதைத் தட்டில் பார்க்க வேண்டும். இரண்டு முறை துப்பியதும் ‘இவனுக்குக் கீரை ஆகாது’ என்று பட்டம் கட்டிவிடாதீர்கள்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். ‘சாப்பிடாத’ பிள்ளைகள் பாதிப் பேர் உண்மையில் நாள் முழுக்கச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. எழுந்ததும் டீயில் நனைத்த பிஸ்கட், பத்து மணிக்கு ஒரு பொட்டலம், பதினோரு மணிக்குப் பால், அழுதால் மறுபடி பால். பன்னிரண்டரைக்குச் சோற்றைக் காட்டினால் எப்படிப் பசிக்கும்? பால் நல்லதுதான். ஆனால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது. பாலில் இரும்புச்சத்து அநேகமாக இல்லை. டீயோ சாப்பாட்டில் இருக்கும் இரும்பையும் உடம்பில் சேர விடாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையும் அதில் சேர்த்திதான். முருங்கைக்கீரை, பயறு, முட்டை, ஈரல், கூடவே ஒரு துளி எலுமிச்சை அல்லது நெல்லி, இவை போதும். டப்பாவில் விற்கும் சத்து பானத்துக்குக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்கச் சொல்லி செவிலியர் தரும் இரும்புச்சத்து மருந்தை ‘பல் கறுத்துப் போகும்’ என்று அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

மையத்தில் கொடுக்கும் சத்துமாவை மாட்டுக் கழுநீரில் கொட்டும் வீடுகளும் உண்டு. எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். மாடு நன்றாகத்தான் இருந்தது. அந்த மாவை வெந்நீரில் கரைத்து நீட்டினால் எந்தப் பிள்ளையும் முகத்தைச் சுளிக்கும். கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துக் கொழுக்கட்டையாகப் பிடித்து அவித்துக் கொடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் அடையாகத் தட்டுங்கள். இந்தக் கைப்பக்குவம் உங்களிடம் இருக்கிறது, உங்கள் மகளுக்கு அதற்கு நேரமில்லை.

கடலை விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்கு முன்பல் நான்கு வந்ததும் ‘எல்லாம் கடிப்பான்’ என்று முழு வேர்க்கடலையைக் கையில் கொடுக்கிறோம். முன்பல் கடிக்கத்தான், அரைக்க உதவாது. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் எல்லாம் வந்து சேர இரண்டரை, மூன்று வயது ஆகிவிடும். அதற்குள் முழுக்கடலை, வறுத்த பட்டாணி, முழுத் திராட்சை, சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை எதுவும் கைக்கு எட்டக் கூடாது. அதற்குப் பிறகும் நான்கு வயது வரை இந்த எச்சரிக்கை வேண்டும். கடலையைப் பொடித்துச் சோற்றில் போடுங்கள், திராட்சையை நீளவாக்கில் கீறிக் கொடுங்கள். விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று பலமாக இருமல் வந்து, பிறகு தானாக அடங்கி, மறுநாள் மூச்சில் விசில் சத்தம் கேட்டால், அது சளி என்று நினைத்துக் கஷாயம் காய்ச்சிக்கொண்டு இருக்காதீர்கள். கடலை நுரையீரல் குழாயில் இறங்கியிருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுத்தான் எடுக்க முடியும்.

கண்ணெதிரே தொண்டையில் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? பிள்ளை சத்தமாக இருமினால், இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம். முன்பக்கம் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்தித் தட்டுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் பின்னால் மண்டியிட்டு, தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே முஷ்டியை வைத்து, உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது. முதுகில் தட்டிய பிறகு திருப்பிப் படுக்கவைத்து, நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடி வாய்க்குள் விரல் விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். பக்கத்தில் இருப்பவர் அதற்குள் 108-ஐ அழைக்கட்டும். எழுத்தில் படித்தால் போதாது. அடுத்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது செவிலியரைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் தலையணைக்கு அடியில் இருக்கும் ஆபத்து. சர்க்கரைக்கு நாம் போடும் சில மாத்திரைகள், ஒன்றே ஒன்றைப் பிள்ளை விழுங்கினாலும் ரத்தத்தில் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும். பல மணி நேரம் கழித்துக்கூட அப்படி ஆகலாம். பிள்ளை மிட்டாய் என்று நினைக்கும். நீங்கள் அட்டையிலிருந்து உதிர்த்துத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போன அந்த இடைவெளி போதும். ஒரு மாத்திரை குறைகிறதோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரமும் அப்படித்தான். கொஞ்சம் விழுங்கினாலே சில நிமிடத்தில் வலிப்பு வரலாம். சளிக்கு வாசனை காட்டுகிறேன் என்று கற்பூரத்தைத் துணியில் முடிந்து சட்டையில் குத்திவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கும் பொத்தான் மாதிரியான வட்ட பேட்டரி தொண்டையில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

குளியலறை வாளி பற்றி ஒரு வார்த்தை. தலை கனத்துக் கவிழ்ந்த பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணீரிலிருந்துகூட எழத் தெரியாது, சத்தமும் போடாது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தொட்டி மூடியின் மேல் கனமாக எதையாவது வையுங்கள். கொதிக்கும் ரசத்தைத் தரையில் இறக்கி வைக்காதீர்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேனா மையும் பற்பசையும் தோசை மாவும் அதற்கு மருந்தல்ல.

பயமுறுத்தியது போதும். உங்களிடம் இருக்கும் சொத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளையின் உள்ளங்கையில் உங்கள் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைவீர்களே, பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அத்தைக்கு என்று பங்கு வைத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்து அக்குள்வரை நண்டாக ஓடிக் கிச்சுக்கிச்சு மூட்டுவீர்களே, அதைக் கவனித்துப் பாருங்கள். விரல் ஐந்து என்ற கணக்கு அதில் இருக்கிறது. உறவுமுறை இருக்கிறது. எல்லாருக்கும் பங்கு உண்டு என்பது இருக்கிறது. நண்டு எப்போது ஓடும் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் பொறுமை இருக்கிறது. அடுத்த முறை பிள்ளை உங்கள் கையை இழுத்துத் தானே கடையும். நீங்கள் ஒன்று செய்ய, அது ஒன்று செய்ய, இந்தப் போக்குவரத்தில்தான் மூளை வளர்கிறது என்று இப்போது பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் சொல்கின்றன. அரசு மையங்களின் பாடத்திட்டத்துக்கே ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்றுதான் பெயர். சிலேட்டில் எழுத வைப்பதற்கு இரண்டரை வயது வயதே அல்ல. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பி சி டி சொல்லுது’ என்று மனம் குமைய வேண்டாம். மொச்சை உரிக்கும்போது பக்கத்தில் உட்கார வைத்து, தோலை ஒரு தட்டிலும் கொட்டையை ஒரு தட்டிலும் போடச் சொல்லுங்கள் (கண்ணை மட்டும் எடுக்காதீர்கள், மொச்சையும் தொண்டையில் சிக்கும்). துணி மடிக்கும்போது ‘இது தாத்தா துண்டு, இது உன் ஜட்டி’ என்று சொல்லிக்கொண்டே மடியுங்கள். இரண்டு வயதில் ‘அப்பத்தா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும். பேசவில்லையென்றால் ‘அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று காலம் கடத்தாமல் செவிலியரிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னால் சந்தோஷம்தானே.

மையத்துக்கு அனுப்பும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். ‘அடம் பிடிச்சா டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்லுவேன்’ என்று மிரட்டாதீர்கள். அந்தப் பிள்ளையை மறுநாள் உள்ளே அழைக்க நாங்கள் படும் பாடு கொஞ்சமல்ல. விடும்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்: ராத்திரி தூங்கினானா, வயிறு சரியாக இருக்கிறதா, என்ன சாப்பிட்டான். கூப்பிட வரும்போது நீங்களும் கேளுங்கள். பணியாளர் சிடுசிடுத்தாலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை. யார் வந்தால் பிள்ளையை அனுப்பலாம் என்பதையும் வீட்டில் பேசி எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கு முடியவில்லை என்பதையும் நான் அறிவேன். முழங்கால் வலியோடு ஒன்றரை வயதுப் பிள்ளையின் பின்னால் ஓடுவது சாமானியமல்ல. அந்தக் களைப்பில்தான் போன் கைக்கு வருகிறது. இதைச் சோம்பல் என்று பேசும் டாக்டர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வேலை சம்பளமில்லாமல் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மையம் மாலைக்குள் மூடிவிடுகிறது, மில் ஷிஃப்ட் அதற்குப் பிறகுதான் முடிகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தாக வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோதே சொல்லிவிட்டார்கள். உங்கள் மகளும் மருமகளும் வேலை செய்யும் இடத்தில் அது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? அவர்களைக் கேட்கச் சொல்லுங்கள். கிராம சபை கூடும்போது மையத்தின் நேரத்தைப் பற்றி நீங்களும் எழுந்து பேசுங்கள். ரோட்டுக்கும் தெருவிளக்குக்கும் பேசுகிற நாம் பிள்ளைகளுக்காக இதுவரை பேசியதில்லை.

அது நடக்கும்போது நடக்கட்டும். நாளை மதியம் ஒரு வேளை மட்டும் இப்படிச் செய்து பாருங்கள். போனை உள் அறையில் வைத்துவிடுங்கள். பதினொன்றுக்கு மேல் பாலோ பிஸ்கட்டோ வேண்டாம். உங்களுக்கும் ஒரு தட்டு, பிள்ளைக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு சேர்ந்து உட்காருங்கள். கொஞ்சமாக வையுங்கள், சிந்தினால் சிந்தட்டும். போதும் என்று தலையை ஆட்டினால் தட்டை எடுத்துவிடுங்கள். முதல் சில நாள் அழும், அக்கம்பக்கத்தில் ஏதாவது சொல்வார்கள். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எடை போட மையத்துக்கு வாருங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஓர் அங்கன்வாடிப் பணியாளர்